வெட்டாமல் போட்ட மடைப் படம்

படத்துக்குக் கீழே "நன்றி: இணையம்" என்று எழுதியிருந்தால் நான் அந்த ஆய்வேட்டை அங்கேயே மூடிவிடுவேன். பேருந்து நிலையத்தில் கிடந்த குடையை எடுத்துவந்து, "நன்றி: பேருந்து நிலையம்" என்று அதன் காம்பில் எழுதி வைத்துக்கொள்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குடைக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அவர் எங்கேயோ நனைந்துகொண்டிருக்கிறார்.

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். ஆய்வேட்டில் எழுதியிருப்பது உண்மையா என்று பார்ப்பது என் வேலை இல்லை. அதற்குப் பேராசிரியர்கள் இருந்தார்கள், அவர்களும் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. ஓரத்தில் விட்ட இடம் சரியா, சான்றிதழில் நெறியாளர் கையெழுத்துப் போட்டாரா அல்லது அவருக்காக மாணவரே போட்டாரா, பத்தியை எங்கிருந்து எடுத்தார், படத்தை எங்கிருந்து எடுத்தார் என்பதெல்லாம்தான் என் வேலை. இதையே பல வருடம் பார்த்தவனுக்கு ஒரு கண் வந்துவிடும். என் மனைவி அதைக் கண் என்று சொல்வதில்லை, வியாதி என்பாள்.

ஓய்வுக்குப் பிறகும் நாகல் நகர் வீட்டுக்கு ஆய்வேடுகள் வந்துகொண்டுதான் இருந்தன. சமர்ப்பிப்பதற்கு முன்னால் ஒருமுறை என்னிடம் காட்டிவிட்டால் அலுவலகத்தில் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று ஒரு பேச்சு. அப்படித்தான் என் மச்சினன் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஆய்வேட்டோடு வந்து நின்றாள்.

அவள் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் உண்டு, நிரந்தரம் கிடையாது. முனைவர் பட்டம் இல்லாமல் அடுத்த வருடம் வகுப்பு கிடைப்பது சந்தேகம் என்று சொல்லிவிட்டார்கள். ஆராய்ச்சிக்கான பதிவுக் காலமோ ஏற்கெனவே நீட்டிக்கப்பட்டு, அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, இத்தனை வருடப் படிப்பும் போனதுதான். அவளுடைய மாமியார் வீட்டில் அந்த நாளுக்காகக் காத்திருப்பவர்களும் இருந்தார்கள் என்பது என் ஊகம்.

ஆய்வு, திண்டுக்கல் வட்டாரத்துக் கண்மாய்களின் கல்மடைகளைப் பற்றியது. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் இடத்தில் நிற்கும் கல்தூண்கள், குறுக்குக் கற்கள், அவற்றில் உள்ள செதுக்கல்கள். வெயிலில் கரைகரையாக அலைந்து அவளே எடுத்த படங்கள்தான் பெரும்பாலும். நாலைந்து மட்டும் படப் பகிர்வுத் தளங்களிலிருந்து எடுத்தவை. நான் நேராக அவற்றுக்குத்தான் போனேன்.

ஒவ்வொன்றின் கீழும் ஏற்றியவரின் பெயர், அது புனைபெயராக இருந்தால் அவர் போட்டிருந்தபடியே, படத்தின் தலைப்பு, ஏற்றிய நாள், தளம், இணைய முகவரி, எந்த உரிமத்தில் கொடுத்திருக்கிறார், இவள் பார்த்த நாள். ஒன்று விடாமல் இருந்தது. எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது.

"இம்புட்டு ஒழுங்கா எந்தப் பிள்ளையும் எழுதி நான் பாத்ததில்லையே" என்றேன்.

"நீங்கதான மாமா போன வருசம் உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தீக."

"சொல்லிக் குடுத்தா அப்படியே செஞ்சிருவியா?"

"செய்யலைன்னா திட்டுறீக. செஞ்சா சந்தேகப்படுறீக. நான் என்னதான் பண்ண?"

அடுக்களையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "காப்பியில சீனி போட்டிருக்கேனாங்கிறதையே மூணு தரம் கேக்குற மனுசன்கிட்ட வந்து மாட்டியிருக்க பாரு ஆத்தா."

பகிர்வுத் தளத்துப் படங்களில் ஒன்றுதான் ஆய்வேட்டின் உயிர். நத்தம் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கண்மாயின் மடை. இரண்டு உயரமான தூண்கள், நடுவே மூன்று குறுக்குக் கற்கள், மேல் கல்லில் இரண்டு மீன்கள், ஒரு தாமரை. இந்த மாதிரி வேலைப்பாடு வேறு வட்டாரத்தில்தான் உண்டு என்று இதுவரை எழுதியவர்கள் சொல்லியிருக்க, இங்கேயும் உண்டு என்பது அவள் கண்டுபிடிப்பு. ஒரு முழு இயல் அந்த மேல் கல்லின் மீது உட்கார்ந்திருந்தது.

"நீ இதை நேர்ல பாத்தியா?"

"போனேன் மாமா. மொத தடவ போகையில கண்மாய் நெறஞ்சு கெடந்துச்சு, தூணே வெளிய தெரியல. அடுத்த தடவ கரையெல்லாம் சீமைக்கருவேல முள்ளு. உள்ள எறங்க முடியல. அதான் இந்தப் படம். ஏத்துனவருக்கு மெசேஜ் போட்டு இது உங்க ஊர் மடைதானான்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"கட்டை விரல் அனுப்புனாரு. கூடவே 'எங்க ஊர் எங்க பெருமை'ன்னு போட்டிருந்தாரு."

கட்டை விரலை ஆதாரமாக ஏற்கலாம் என்று எந்த விதியிலும் இல்லை. பத்திரத்தில் வைக்கும்போது மட்டும்தான் அதற்கு மதிப்பு. நான் லென்ஸை எடுத்துப் படத்தின் மேல் வைத்தேன். தண்ணீர் இருந்தது, மடை இருந்தது, மீனும் இருந்தது. ஆனால் இடதுபக்கத் தூண் நடுவில் லேசாக வளைந்திருந்தது. சாய்ந்திருந்தால் விட்டிருப்பேன். கல் சாயும், உடையும், ஆனால் வளையாது.

"படத்தைக் கம்ப்யூட்டர்ல இழுத்து நீட்டுனியா?"

"இல்லையே."

"ரெண்டு படத்தை ஒட்டியிருக்கியா?"

அவள் முகம் மாறியது. "மாமா, இதே கேள்விய வேற யாரும் கேட்டிருந்தா நான் எந்திரிச்சுப் போயிருப்பேன்."

"நான் கேட்டாலும் போகலாம். ஆனா பரிசோதகரும் கேப்பார்."

போய்விட்டாள். காப்பியைக்கூடக் குடிக்கவில்லை. ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு என் மனைவி ஒரு நிமிடம் என் முன்னால் நின்றாள். "அந்தப் பிள்ள ரெண்டு வருசமா வெயில்ல அலைஞ்சு கருத்துப் போய் வந்துருக்கு. அதைத் திருடின்னு சொல்லி அனுப்பிட்டீக."

"திருடின்னு சொல்லல. ஒட்டுனியான்னு கேட்டேன்."

"ஆமா, பெரிய வித்தியாசம்."

ஆய்வேட்டை விட்டுவிட்டுப் போயிருந்தாள். சாயங்காலம் வரை நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதாலேயே அதை நம்ப முடியவில்லை. பிறகுதான் ஒன்று உறைத்தது. படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் பொருத்தம் இல்லை. கைபேசியில் எடுத்த படம் எதுவும் இந்த அளவில் இருக்காது. இது வெட்டிய படம். ஒரு படத்தை வெட்டிப் போட்டால், வெட்டியிருக்கிறேன் என்று கீழே குறிப்பிட வேண்டும் என்பது விதி. அவள் அந்த ஒன்றை மட்டும் எழுதவில்லை.

போன் செய்தேன். எடுத்ததும், "சொல்லுங்க" என்றாள். மாமா என்ற சொல் வரவில்லை.

"படத்தை வெட்டியிருக்க."

"ஆமா. கீழ செவப்பா ஏதோ எழுத்து தெரிஞ்சுச்சு. அவரு போட்ட வாட்டர்மார்க்குன்னு நெனச்சு எடுத்துட்டேன். ஓரத்தையும் கொஞ்சம் வெட்டுனேன். படத்துக்கு அசிங்கமா இருந்துச்சு."

"அடுத்தவன் பேரை அசிங்கம்னு வெட்டுனியா?"

"பேருதான் கீழ போட்டிருக்கேன்ல மாமா!" கோபத்தில் மாமா திரும்பி வந்துவிட்டது.

"வெட்டாத படத்தை அனுப்பு."

அனுப்பினாள். கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே சிவப்பு எழுத்துகளின் தலைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. அது எவருடைய பெயரும் இல்லை, அந்த அளவு எழுத்துப் போடுவதற்கு ஒரே ஓர் இடம்தான் நம் ஊரில் உண்டு. படத்தை மேலே நகர்த்தினேன். வலது ஓரத்தில், வானத்தின் நடுவே, ஒரு பித்தளை வளையம். வளையத்துக்குள் நீலநிற நைலான் கயிறு.

வானத்தைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கண்ணாடிகூடப் போடவில்லை. "இது பிளக்ஸ் போர்டுல்ல" என்றாள்.

அன்றிரவே மச்சினன் மகளுக்குப் போனில் சொன்னேன். மறுநாள் காலையில் நத்தம் பேருந்தில் நானும் அவளும் ஏறினோம். வழியில் அவள், "பிளக்ஸா இருந்தாலும், அந்த ஊர் மடையத்தான படம் எடுத்து அதுல போட்டிருப்பாக?" என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன். அவள் அதை நம்ப விரும்பினாள். நான் எதையும் நம்ப விரும்பாமல் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன்.

நத்தத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து அந்தக் கிராமத்துக்குப் போனோம். டீக்கடையில் நாங்கள் கண்மாயைப் பற்றிக் கேட்டதும் பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். என் சட்டைப் பையில் பேனா இருந்தது, அவள் கையில் ஃபைல் இருந்தது. போதாதா?

"எந்த ஆபீஸு?" என்றார் கடைக்காரர்.

"ஆபீஸ் இல்லைங்க. படிப்பு விசயமா வந்திருக்கோம்."

"படிப்புன்னுதான் போன தடவையும் வந்தாக. அப்புறம் கரைய அளந்துட்டுப் போய் ஆக்கிரமிப்புன்னு நோட்டீஸு விட்டாக."

என்னைவிடச் சந்தேகம் பிடித்தவர்களை அன்றுதான் பார்த்தேன். கொஞ்சம் மரியாதைகூட வந்தது. அவள் கைபேசியை எடுத்துப் படத்தைக் காட்டினாள். கடைக்காரர் எட்டத்தில் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் பிடித்துப் பார்த்தார், பெஞ்சுக்குக் கைமாற்றினார். யாரோ சிரித்தார்.

"ஏப்பா, இது நம்ம கண்மாய் தூர்வாரையில வச்ச போர்டுப்பா!"

"அந்தப் போர்டு எங்க?"

"அங்கிட்டு புளிய மூடியிருக்குல்ல."

கடைக்கு எதிர்க் களத்தில், ஓடு தட்டக் காத்திருக்கும் புளியம்பழக் குவியல் ஒன்று இருந்தது. நான்கு பக்கமும் கல் வைத்து அதன் மேல் ஒரு ஃப்ளெக்ஸை மூடியிருந்தார்கள். களத்துக்காரர் வந்து கற்களை நகர்த்தி விரித்துக் காட்டினார். மேலே வரிசையாக விழாக் குழுவினரின் முகங்கள், வெயிலில் வெளுத்து மூக்கும் மீசையும் மட்டும் மீதி. கீழே சிவப்பு எழுத்தில் "கண்மாய் காப்போம்". நடுவில் இரண்டு தூண், மூன்று குறுக்குக் கல், மீன், தாமரை. புளியங்குவியலின் மேடுபள்ளத்துக்குத் தகுந்தபடி தூண்கள் இப்போது இன்னும் அதிகமாக வளைந்திருந்தன.

அவள் குனிந்து மீனின் மேல் விரலை வைத்தாள். "இந்தப் படம் உங்க மடையில எடுத்ததுதானுங்களே?"

களத்துக்காரர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "எங்க மடை இம்புட்டு அழகா இருந்தா நாங்க எதுக்கு நெட்ல எடுக்கப் போறோம்?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அவர் நடந்ததைச் சொன்னார். தூர்வாரும் வேலை தொடங்கியபோது போர்டு வைக்க வேண்டும் என்று ஃப்ளெக்ஸ் கடைக்குப் போயிருக்கிறார்கள். எங்கள் முகங்களைப் போடு, நடுவில் நல்ல மடைப் படமாக ஒன்று போடு என்று சொல்லியிருக்கிறார்கள். கடையில் கம்ப்யூட்டரில் தேடி, எது பளிச்சென்று இருந்ததோ அதை எடுத்துப் போட்டுவிட்டார்கள். எந்த ஊர் மடை என்று இவர்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. போர்டைக் கட்டிய அன்று, வெளியூரில் வேலை பார்க்கும் இந்த ஊர்க்காரர் ஒருவர் வந்திருக்கிறார். முகங்களை விட்டுவிட்டு மடையை மட்டும் பக்கத்தில் போய்ப் படம் எடுத்திருக்கிறார். ஊர்ப் பெயரைப் போட்டுப் பகிர்வுத் தளத்தில் ஏற்றி, பெயர் சொல்லிவிட்டு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று தாராள உரிமமும் கொடுத்திருக்கிறார். பேருந்து நிலையத்துக் குடையை ஒருவர் எடுத்து, இன்னொருவர் விரித்து, மூன்றாமவர் தானம் செய்திருக்கிறார். என் மச்சினன் மகள் முறைப்படி நன்றி சொல்லி வாங்கியிருக்கிறாள்.

உண்மையான மடையையும் பார்த்துவிடலாம் என்றேன். கோடையில் கண்மாய் வற்றிக் கிடந்தது. முள்ளையும் வெட்டியிருந்தார்கள். தூண் என்று ஒன்றுதான் இருந்தது. மொட்டைக் கல். இன்னொன்று இருந்த இடத்தில் சிமெண்டுக் கட்டை எழுப்பி, துருப்பிடித்த இரும்புப் பலகை ஒன்றை மாட்டியிருந்தார்கள். மீன் இல்லை, தாமரை இல்லை. அந்த மொட்டைக் கல்லை அவள் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்தாள். திரும்பி வரும்போது களத்தில் நின்று, புளி மூடிய ஃப்ளெக்ஸையும் எடுத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. அழுகையை அடக்க ஏதோ செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பேருந்தில் திரும்பும்போதுதான் அவள் கேட்டாள். அவள் கேட்பாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன், எதிர்பார்த்தது நடந்தும் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை.

"மாமா, அந்தப் படம் இருந்துட்டுப் போனா என்ன? வெட்டியிருக்கேன்னு மட்டும் ஒரு வரி எழுதிட்டா மத்ததெல்லாம் சரியாத்தான இருக்கு? பேரு, தேதி, உரிமம், எல்லாம்."

"எல்லாம் சரியா இருக்கு."

"பரிசோதகர் வெளி மாநிலத்துக்காரர். அவரு நத்தத்துக்கு வந்து பாக்கவா போறாரு?"

"வர மாட்டார்."

"அப்ப விதிப்படி தப்பில்லையே?"

பணிக்காலம் முழுக்க விதியைக் கேட்டவர்களுக்கு விதியைச் சொன்னவன் நான். அன்றைக்கும் அதையே சொன்னேன். "படத்தை எங்கருந்து எடுத்தன்னு எழுத விதி இருக்கு. நீ எழுதிட்ட. படத்துல இருக்குறது நெசமா மடைதானான்னு கேக்க எங்ககிட்ட விதி இல்ல. அலுவலகத்துல ஒருத்தனும் திருப்பி அனுப்ப மாட்டான்."

"நீங்க அங்க இருந்தா?"

"நானும் அனுப்பியிருக்க மாட்டேன்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். எதற்கு ஆட்டினாள் என்று தெரியவில்லை. ஓடும் பேருந்தில் தலை தானாகவும் ஆடும்.

அதன் பிறகு அவள் வரவில்லை, போனும் இல்லை. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த இயலை எடுத்தால் ஆய்வேடு பல் விழுந்த வாய்போல ஆகிவிடும், முடிவுரையைத் திருத்த வேண்டும், முன்னுரையைத் திருத்த வேண்டும், பக்க எண்கள் எல்லாம் மாறும், நெறியாளர் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். இவற்றுக்கெல்லாம் எத்தனை நாள் ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆகவே அவள் படத்தை அப்படியே விட்டிருப்பாள் என்று முடிவு செய்தேன். அவள் இடத்தில் இருந்தால் எல்லோரும் விடுவார்கள். விட்டதைத்தான் நான் வாழ்நாளெல்லாம் முத்திரை குத்தி உள்ளே அனுப்பியிருக்கிறேன்.

"குடுத்துட்டாளாம், கடைசி நாள்ல போய்க் குடுத்தாளாம். வாங்கிக்கிட்டாகளாம்" என்று என் மனைவிதான் ஒருநாள் சொன்னாள். தன் தம்பி வீட்டோடு அவளுக்குத் தனித் தொடர்பு உண்டு.

"அந்த மடைப் படம் இருக்கா, எடுத்தாச்சா?"

"பதிவு தப்பிச்சுச்சேன்னு சந்தோசப்படுங்களேன் செத்த நேரம்."

சந்தோஷப்பட்டால் போச்சு என்று முயன்று பார்த்தேன். வரவில்லை.

சில நாள் கழித்து அவளே வந்தாள். கெட்டி அட்டை போட்ட பிரதி ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டு, அத்தையோடு அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் அட்டையைப் பார்க்கவில்லை, பொருளடக்கத்தைப் பார்க்கவில்லை. நேராக அந்த இயலுக்குப் போனேன்.

இயல் இளைத்துப் போயிருந்தது. மேல் கல், மீன், தாமரை, வேறு வட்டாரத்து வேலைப்பாடு இங்கேயும் உண்டு என்ற கண்டுபிடிப்பு, ஒன்றுமே இல்லை. அந்த ஊரைப் பற்றி ஒரு பத்தி மட்டும். ஒரு தூண், செதுக்கல் இல்லை, மற்றது சிமெண்டு. அதற்குக் கீழே மொட்டைக் கல்லின் படம். அடுத்த பக்கத்தில், முழுப் பக்கத்துக்கும், புளியங்குவியலின் மேல் விரித்த ஃப்ளெக்ஸ். அதன் கீழே இப்படி எழுதியிருந்தாள்:

"இந்த ஊர் மடை என்று பகிர்வுத் தளத்தில் உள்ள படம், இந்த விளம்பரப் பலகையைப் படம் பிடித்தது. பலகையில் உள்ள மடை எந்த ஊருடையது என்று தெரியவில்லை. படம்: ஆய்வாளர். வெட்டப்படவில்லை."

லென்ஸை எடுத்தேன். இவள் எடுத்ததுதானா என்று பார்த்துவிட வேண்டுமே. நான்கு மூலையும் இருந்தன. மூன்று மூலைகளில் பித்தளை வளையம், மேலே வைத்த கல், தொங்கும் நைலான் கயிறு. நான்காவது மூலையில் வளையம் இல்லை. அந்த இடத்தை வேறொன்று மறைத்திருந்தது. ஒரு பழுப்புத் தோல் செருப்பு, அதற்குமேல் கரை போட்ட வேட்டியின் ஒரு முழம்.

"ஏம்மா, இங்க வா" என்று கூப்பிட்டேன். "இது யாரோட கால்?"

அடுக்களையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் வாசற்படியில் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"உங்களோடதுதான் மாமா. நீங்க அங்க நிக்கிறத நான் கவனிக்கல. பைண்டிங் குடுக்குறதுக்கு முன்னால பாத்தேன்."

"பாத்துட்டும் விட்டுட்டியா? அதை வெட்டியிருக்கலாம்ல?"

"வெட்டுனா வெட்டுனேன்னு எழுதணும்னு நீங்கதான சொன்னீக" என்றாள். "எதை வெட்டுனன்னு பரிசோதகர் கேட்டா, எங்க மாமா காலைன்னு எப்படி மாமா சொல்றது?"

ஆய்வேட்டின் முன்பக்கத்துக்குப் போய் நன்றியுரையைப் பார்த்தேன். நெறியாளர், முதல்வர், கணவர், மாமியார்கூட இருந்தார். கடைசி வரியில் "என் எல்லாப் படங்களையும் சந்தேகப்பட்டவருக்கும்" என்று இருந்தது.

பெயர் போடவில்லை. ஆதாரம் இல்லாமல் அது நான்தான் என்று எப்படி முடிவு செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.